உங்களுக்குத் தெரியுமா? ஞாயிறு ஆட்டக்களம்

மதியச் சாப்பாடு முடிந்து வெயில் தாழும்வரை வீட்டில் எல்லோரும் கூடத்தில் உருண்டு கிடக்கும் நேரம். பரணில் கிடக்கும் பலகையை இறக்க அதைவிட நல்ல வேளை கிடையாது. அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று எல்லாரையும் இழுத்து உட்காரவைத்துவிட்டீர்களா? ஆட்டத்துக்கு நடுநடுவே எடுத்துவிடச் சில சேதிகள் இதோ.

● முதலில் யார் ஆடுவது? சண்டை வேண்டாம், "சா பூ த்ரீ" போடுங்கள். மூன்று பேர் கையை ஆட்டி உள்ளங்கையோ புறங்கையோ காட்டும்போது மொத்தம் 8 விதமாகக் கைகள் விழலாம். அதில் 6 விதத்தில் யாராவது ஒருவர் தனியாகப் பிரிந்துவிடுவார். நாலு தடவை போட்டால் மூன்று தடவை முடிவு வந்துவிடும் என்று அர்த்தம். நாலு பேர் சேர்ந்து போட்டால் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஐந்து பேர் என்றால் 16-க்கு 5தான். பிள்ளைகள் கூட்டமாக நின்று கையை ஆட்டி ஆட்டி அலுத்துப்போவது இதனால்தான். மூன்று மூன்று பேராகப் பிரித்துவிட்டுப் பாருங்கள், சட்டென்று முடியும்.

● உங்கள் வீட்டுப் பகடையைப் புரட்டிப் பாருங்கள். ஒன்றுக்கு எதிர்ப்பக்கம் ஆறு, இரண்டுக்கு ஐந்து, மூன்றுக்கு நாலு. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டினால் எப்போதும் 7. மொகஞ்சதாரோவிலும் ஹரப்பாவிலும் கிடைத்த சிந்துவெளிக் காலத்துக் கனசதுரப் பகடைகளில் ஏற்பாடு வேறு: ஒன்றுக்கு எதிரே இரண்டு, மூன்றுக்கு எதிரே நாலு, ஐந்துக்கு எதிரே ஆறு. அங்கேயே தந்தத்தில் செய்த நீளக் கட்டைகளும் கிடைத்திருக்கின்றன, ஏறக்குறைய நம் தாயக்கட்டையின் சாயலில்.

● தாயம் விழவே இல்லை என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு கணக்கு. பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நாலு பக்கம்: ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, வெறும் பக்கம். இரண்டையும் உள்ளங்கையில் தேய்த்து உருட்டினால் 16 விதமாக விழலாம். ஒன்றில் ஒரு புள்ளியும் மற்றதில் வெறும் பக்கமும் வந்தால்தான் தாயம். அது 16-க்கு 2, அதாவது எட்டில் ஒன்று. எட்டில் ஒன்று என்பதால் எட்டாவது உருட்டலில் கட்டாயம் விழும் என்று நம்பிவிடக் கூடாது. எட்டு தடவை உருட்டியும் தாயமே காணாமல் போவது மூன்று பேரில் ஒருவருக்கு நடக்கும். எதிரில் இருப்பவர் காய் இரண்டு சுற்று வந்துவிட்டாலும் பொறுமையாக உருட்டுங்கள், கட்டை மேல் தப்பில்லை.

ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் இன்னொரு ஆட்டம் உண்டு. இந்த நாலும் சேர்ந்து 16-க்கு 6. இரண்டு கட்டையும் வெறும் பக்கமாக விழுந்தால் பூஜ்யம் என்று சொல்லாமல் 12 கொடுப்பதுதான் இந்த ஆட்டத்தின் பெரிய மனசு. கையில் ஒன்றுமே இல்லாதவனுக்கு ஆகப் பெரிய எண்! அது விழும் வாய்ப்பும் 16-ல் ஒன்றுதான் என்பதால் கூடத்தில் எழும் கூச்சலுக்கு நியாயம் இருக்கிறது.

● தாயக்கட்டை காணாமல் போய்விட்டதா? புளியங்கொட்டையை எடுத்து ஒரு பக்கத்தை மட்டும் சிமெண்ட் தரையில் தேயுங்கள். கருப்புத் தோல் உரிந்து வெள்ளைப் பருப்பு தெரியும். இப்படி நாலு கொட்டை இருந்தால் போதும், வெள்ளை மேலே விழுந்ததை எண்ணி ஆடலாம். தேய்க்கும்போது கொட்டை சுடும், விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாலும் வெள்ளையாக விழும் வாய்ப்பு 16-ல் ஒன்று. பித்தளைக் கட்டையில் பன்னிரண்டு விழும் அதே வாய்ப்பு!

● இதே குடும்பத்து ஆட்டமான பச்சீசிக்கு அக்பர் காலத்து ஃபதேபூர் சிக்ரி அரண்மனை முற்றத்தில் தரையிலேயே பெரிய பலகை அமைத்திருக்கிறார்கள். இப்போது போனாலும் பார்க்கலாம். இந்தியாவிலிருந்து கப்பலேறிய பச்சீசியில் சோழியை எடுத்துவிட்டு, குவளையில் போட்டுக் குலுக்கும் பகடையைச் சேர்த்து, 1896-இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார்கள். அதுதான் லூடோ. பிறகு அது நம்மிடமே அட்டைப் பெட்டியில் திரும்பி வந்து, கடைசியில் செல்பேசிக்குள்ளும் புகுந்துகொண்டது.

அந்தக் குடும்பத்தின் ஜெர்மன் உறவு ஒன்றும் உண்டு. யோசஃப் ஷ்மிட் என்பவர் 1907–08 குளிர்காலத்தில் மூனிச் நகரில் தன் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டுவதற்காக ஒரு பலகையை வரைந்தார். முதல் உலகப் போர் வந்ததும் 3,000 பெட்டிகளைச் செய்து, காயம்பட்ட வீரர்கள் படுத்திருந்த மருத்துவமனைகளுக்கு இலவசமாக அனுப்பிவைத்தார். போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் ஆட்டத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். இன்றைக்கும் ஜெர்மானியக் குடும்பங்களில் அந்தப் பலகை இல்லாத அலமாரி குறைவு.

● வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் ஆடும் வழக்கம் நமக்குத் தெரிந்ததுதான். மார்கழி பிறந்துவிட்டால் பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் அந்தப் படம் தொங்க ஆரம்பித்துவிடும். பழைய பலகைகளில் ஏணியைவிடப் பாம்பு அதிகம். ஏணி நற்குணத்துக்கு, பாம்பு தீக்குணத்துக்கு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குப் போனபோது பாம்பும் ஏணியும் சரிபாதியாக்கப்பட்டன. 1943-இல் அமெரிக்காவில் மில்டன் பிராட்லி நிறுவனம் பாம்புக்குப் பதில் சறுக்குமரம் வைத்தது. அந்த 100 கட்டப் பலகையை முடிக்கச் சராசரியாக 39 முறை ஆட வேண்டும். அதிர்ஷ்டம் கொட்டினால் 7 முறையிலேயே முடிக்கலாம்.

இந்த ஆட்டத்தில் ஆடுபவர் யோசித்து முடிவெடுக்க ஓரிடம்கூட இல்லை. விழுந்ததை நகர்த்த வேண்டியதுதான். அதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதுதான் அதன் அழகு. நாலு வயதுப் பேத்தியும் எழுபது வயதுத் தாத்தாவும் துளியும் விட்டுக்கொடுக்காமல் சமமாக மோதக்கூடிய ஆட்டம் வேறு எங்கே இருக்கிறது? பேத்தி ஜெயித்தால் அது நிஜ ஜெயம்.

● மலேசியாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் வந்திருந்தால் அவர்கள் பர்ஸில் பழைய சில்லறை இருக்கிறதா என்று கேளுங்கள். 1989-இல் வந்த வரிசையில் 5 சென் காசின் பின்பக்கம் பம்பரம், 10 சென் காசில் நம் பல்லாங்குழியின் நெருங்கிய உறவான சொங்காக் பலகை, 50 சென் காசில் பட்டம். ஒரு நாடு தன் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானை மூன்று காசுகளில் பொறித்திருக்கிறது! பார்க்கும்போதெல்லாம் மனசு நிறைகிறது.

● பல்லாங்குழியில் இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஏழு, மொத்தம் 14 குழி. குழிக்கு ஐந்தாகப் போட்டால் 70 காய். ஒரு குழியை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கையில் தீர்ந்தால் அடுத்த குழியை அள்ளலாம். அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் தடவிவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை வாரிக்கொள்ளலாம். ஆடும்போது ஏதாவது குழியில் நாலு சேர்ந்துவிட்டால் அது "பசு", குழிக்குச் சொந்தக்காரர் உடனே எடுத்துக்கொள்வார்.

நன்றாக ஆடுபவர்களைக் கவனியுங்கள். எந்தக் குழியை எடுப்பது என்று யோசிக்கும்போது காயைத் தொடவே மாட்டார்கள். கண்ணாலேயே எண்ணி, கடைசிக் காய் எங்கே விழும், அதற்கு அடுத்தது காலியா என்று பார்த்துவிட்டுத்தான் கை நீளும். எங்கள் பக்கத்துப் பாட்டிமார்கள் இரண்டு மூன்று அள்ளல் வரைக்கும் முன்கூட்டியே மனசுக்குள் ஓட்டிவிடுவார்கள். கணக்குப் பாடத்துக்குப் பயந்த பிள்ளையை ஒரு கோடை விடுமுறை முழுக்க இப்படிப்பட்ட பாட்டியின் எதிரில் உட்காரவையுங்கள் என்று பெற்றோரிடம் நான் சொல்லாத நாள் கிடையாது.

● காய் பற்றி ஓர் எச்சரிக்கை. சிவப்பும் கருப்புமாக அழகாக இருக்கும் குன்றிமணி கடும் விஷம். ஓடு உடையாதவரை பயமில்லை, கடித்து மென்றுவிட்டால் ஆபத்து. வாயில் எதையும் போட்டுப் பார்க்கும் வயதில் குழந்தை இருக்கும் வீட்டில் சோழியோ புளியங்கொட்டையோ போதும். அதையும் எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள். இலங்கையில் சிங்களவர்கள் ஏப்ரல் புத்தாண்டில் ஆடும் குழிப்பலகை ஆட்டத்துக்கு இந்தக் குன்றிமணிதான் காய், ஆட்டத்தின் பெயரிலேயே அது இருக்கிறது: ஒலிந்த கெலிய.

● ஆடு புலி ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு, கோடுகள் சந்திக்கும் இடங்கள் 23. பழைய கோயில்களின் கல்தளத்தில் உளியால் வெட்டிய கட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இதுவே புலிஜூதம். நேபாளத்தில் இதே யோசனை வேறு பலகையில் இருக்கிறது: 4 புலி, 20 ஆடு, 25 புள்ளி, பெயர் பாக் சால்.

புதிதாக ஆடுபவர்கள் எல்லோரும் புலி வேண்டும் என்றுதான் அடம்பிடிப்பார்கள். ஆடுதான் ருசி என்பது என் கட்சி. புலி தாண்டி வெட்ட ஆட்டுக்குப் பின்னால் காலி இடம் வேண்டும். அந்த இடத்தில் இன்னொரு ஆட்டை வைத்துவிட்டால் புலியால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே ஆடுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி, ஓரத்திலிருந்து உள்நோக்கி நிரப்பிக்கொண்டு வாருங்கள். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு ஆடு போனால் பதறக் கூடாது. மூன்று புலியும் நகர வழியில்லாமல் அடைபட்டு நிற்கும்போது கிடைக்கிற சந்தோஷம் வெட்டுவதில் கிடைக்காது.

● வெட்டி ஒட்டும் படப் புதிரை முதலில் விற்றவர் லண்டனில் வரைபடம் செதுக்கிய ஜான் ஸ்பில்ஸ்பரி. 1760-களில் வரைபடத்தைப் பலகையில் ஒட்டி நாடு நாடாக அறுத்தார், பிள்ளைகள் புவியியல் படிக்க.

● ரூபிக் கனசதுரத்தை 1974-இல் உருவாக்கிய ஹங்கேரியின் எர்னோ ரூபிக், தான் செய்ததைத் தானே சேர்க்க ஒரு மாதம் போல எடுத்துக்கொண்டார். எவ்வளவு கலைத்தாலும் 20 நகர்த்தலுக்குள் சேர்த்துவிட முடியும் என்று 2010-இல் கணினி வைத்து நிரூபித்துவிட்டார்கள். உங்கள் பிள்ளை அரை மணி நேரமாகத் திருகிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள்!

● கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கர் காயோடு சேர்ந்து குழிக்குள் விழுந்து ஃபவுல் ஆவது ஏன் இத்தனை அடிக்கடி நடக்கிறது? எடைதான் காரணம். போட்டி விதிப்படி ஒரு காய் 5 முதல் 5.5 கிராம், ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை இருக்கலாம், ஏறக்குறைய மூன்று மடங்கு. கனமான ஒன்று லேசான ஒன்றை நேராக மோதினால் அங்கேயே நின்றுவிடாது, பின்னாலேயே போகும். உராய்வையும் மற்ற இழப்பையும் விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், ஸ்ட்ரைக்கர் பாதி வேகத்தில் தொடர்ந்து ஓடும், காய் ஸ்ட்ரைக்கர் வந்த வேகத்தைப்போல ஒன்றரை மடங்கு வேகத்தில் பாயும். பில்லியர்ட்ஸில் பந்துகள் ஒரே எடை, அதனால் நேராக மோதிய பந்து நின்றுவிடுகிறது. ஆகவே குழிக்கு நேரெதிரே இருக்கும் காயை நெற்றிப்பொட்டில் அடிப்பதைக் குறைத்து, லேசாக ஓரம் தட்டிவிடப் பழகுங்கள். ஸ்ட்ரைக்கர் வேறு பக்கம் விலகிவிடும்.

● வெள்ளைக்கு 20, கருப்புக்கு 10, சிவப்புக்கு 50 என்று பல வீடுகளில் எண்ணுகிறோம். அப்படி எண்ணினால் ஒரு பலகைக்கு மொத்தம் 320. போட்டிகளில் அந்தக் கணக்குக் கிடையாது. தன் நிறத்து ஒன்பது காயையும் முதலில் முடித்தவர், எதிராளியிடம் எத்தனை காய் மிச்சமோ அத்தனை புள்ளி பெறுவார். சிவப்புக்கு 3 புள்ளி. 25 எட்டினால் ஆட்டம் கைக்கு வந்துவிடும்.

● சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988-இல் பிறந்த ஊர் எது தெரியுமா? நம் சென்னை. 1991-லும் 1995-லும் உலக சாம்பியனான மரிய இருதயமும் சென்னைக்காரர். கேரமுக்காக 1996-இல் அர்ஜுனா விருது பெற்றவர் அவர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் தனிநபர், இரட்டையர், குழு என்று மூன்று தங்கத்தையும் அள்ளிவந்த 17 வயது காசிமா வடசென்னையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள். தெருமுனை மன்றத்தில் மஞ்சள் பல்பின் கீழே பவுடர் தூவி ஆடும் கூட்டத்தைப் பார்த்து இனி யாரும் "வெட்டிப் பொழுது" என்று சொல்லக் கூடாது.

● விஸ்வநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் செஸ் சொல்லிக்கொடுத்தவர் அவர் அம்மா சுசீலா. அப்பாவின் ரயில்வே வேலை காரணமாக அந்தக் குடும்பம் சில காலம் பிலிப்பைன்ஸின் மணிலாவில் இருந்தது. அங்கே தொலைக்காட்சியில் மதிய வேளையில் செஸ் நிகழ்ச்சி ஒன்று வரும், முடிவில் ஒரு புதிர் போடுவார்கள். பையன் அப்போது பள்ளிக்கூடத்தில் இருப்பான். அம்மா நிகழ்ச்சியைப் பார்த்து ஆட்டங்களையும் புதிரையும் எழுதிவைப்பார். சாயங்காலம் பிள்ளை வந்ததும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். சரியான விடைக்குப் பரிசு ஒரு புத்தகம். வாராவாரம் இந்தப் பையனே பரிசை வாங்கிக்கொண்டிருந்ததால், கடைசியில் நிகழ்ச்சிக்காரர்கள் அவனைத் தங்கள் நூலகத்துக்கு அழைத்துப்போய், வேண்டிய புத்தகங்களை எல்லாம் எடுத்துக்கொள், இனிமேல் விடை மட்டும் அனுப்பாதே என்று கேட்டுக்கொண்டார்களாம். ஆனந்தே சொன்ன கதை இது. 1988-இல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு நோட்டுப் புத்தகத்தில் காய் நகர்த்தலை எழுதிவைத்த அந்த அம்மாவை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

● சென்னையின் வைஷாலி செஸ் பக்கம் வந்ததற்குக் காரணம், எப்போதும் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறாளே என்ற பெற்றோரின் கவலை. அக்காவைப் பார்த்துத் தம்பி பிரக்ஞானந்தாவும் காயைப் பிடித்தார். 2023 டிசம்பரில் அக்காவும் கிராண்ட் மாஸ்டர் ஆனபோது, உலகத்திலேயே முதல் கிராண்ட் மாஸ்டர் அக்கா-தம்பி ஜோடி அவர்கள்தான் என்றானது.

● திருவாரூர் மாவட்டம் பூவனூரில் சிவபெருமானின் பெயர் சதுரங்க வல்லபநாதர். அம்பிகையோடு சதுரங்கம் ஆடி வென்றவர் என்று தலபுராணம். நீடாமங்கலம் பக்கம் போனால் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

● ஐந்தாங்கல், தட்டாங்கல், கழச்சிக்கல் என்று ஊருக்கு ஒரு பெயர் சொல்லும் ஆட்டத்துக்குச் சங்க காலத்திலேயே முன்னோடி உண்டு. புறநானூற்றின் 36-ஆம் பாட்டில், ஆலத்தூர் கிழார் கருவூர் முற்றுகையைப் பற்றிப் பேசும்போது ஆன்பொருநை ஆற்றின் வெண்மணலில் பெண்கள் பொன்னால் செய்த கழங்கு ஆடுவதைச் சொல்கிறார். போர்ப்பாட்டுக்குள் ஒரு விளையாட்டு! அந்த ஆறுதான் இன்றைய கரூர் அமராவதி. கீழடி அகழாய்விலும் சுடுமண் சில்லுகள், ஆட்டக்காய்கள், தந்தத்தில் செய்த பகடை எல்லாம் வெளிவந்திருக்கின்றன. பானை ஓட்டை உரசி வட்டமாக்கிப் பாண்டி ஆடிய பிள்ளை அந்தக் காலத்திலும் அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கும் என்றே தோன்றுகிறது.

● ஒரு சீட்டுக்கட்டின் 52 சீட்டுகளை எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம்? வரும் எண்ணுக்கு 68 இலக்கம். நன்றாகக் கலைத்த ஒரு கட்டின் வரிசை, இதற்கு முன் உலகத்தில் யார் கையிலும் வந்திருக்காது என்றே சொல்லலாம். நன்றாகக் கலைப்பது என்றால் எப்படி? கட்டை இரண்டாகப் பிரித்து, இரு பாதியையும் படபடவென்று ஒன்றுக்குள் ஒன்று விழவைத்தால் 7 தடவை போதும். டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் 1992-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நம் வீடுகளில் ஒரு கையில் வைத்து மறு கையால் கொத்துக் கொத்தாக எடுத்துப் போடுகிறோமே, அந்த முறையில் அதே அளவு கலைய ஆயிரக்கணக்கில் போட வேண்டும். அவசரமாக நாலு கொத்துப் போட்டுவிட்டுச் சீட்டு ஒட்டி ஒட்டி வருகிறது என்று குறை சொல்வதில் பயனில்லை. தரையில் பரப்பி இரண்டு கையாலும் நன்றாகக் குழப்பிவிட்டு அடுக்குங்கள்.

● யாழ்ப்பாணத்துக்காரர்கள் நாலு பேர் கூடினால் 304 தொடங்கிவிடும். கொழும்பு, லண்டன், டொரான்டோ என்று அவர்கள் போன இடமெல்லாம் கூடவே போன ஆட்டம் இது. ஏழிலிருந்து ஏஸ் வரை 32 சீட்டு. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கு 304. முதலில் ஆளுக்கு நாலு சீட்டுதான் போடுவார்கள். அதை மட்டும் பார்த்துக் கேள்வி கேட்டு, துருப்பைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் மிச்ச நாலு வரும். எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டாளியின் முகத்தை வைத்தே அவர் கையில் என்ன இருக்கிறது என்று படிக்கக் கற்றவர்களோடு ஆடிப் பாருங்கள், அது தனி அனுபவம். கேரளத்தின் 28-ம் இதே வீட்டுப் பிள்ளைதான்: ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. இனத்துக்கு 7, நாலுக்கு 28.

ராஜாவை ஒன்பது வெட்டும் என்பதுதான் ரம்மிக்குப் பழகியவர்களைத் திணறடிக்கும். இரண்டு மூன்று ஆட்டத்தில் பழகிவிடும்.

● அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டு விழாவில் ஹவுசி இல்லாமல் முடியாது. சீட்டில் 3 வரிசை, 9 பத்தி, வரிசைக்கு 5 எண், மொத்தம் 15. இதன் தாய்வீடான இத்தாலியின் நேப்பிள்ஸில் கிறிஸ்துமஸ் இரவில் குடும்பமே உட்கார்ந்து தோம்போலா ஆடும். அங்கே 1 முதல் 90 வரை ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பொருள் உண்டு. 25 கிறிஸ்துமஸ், 33 இயேசுவின் வயது, 90 பயம். எண்ணை எடுப்பவர் வெறுமனே வாசித்துக்கொண்டு போகாமல் ஒவ்வொன்றுக்கும் ஏதாவது சேர்த்துச் சொல்வதில்தான் கலகலப்பே இருக்கிறது. உங்கள் குடியிருப்பில் வாய் சாமர்த்தியம் உள்ள மாமாவிடம் மைக்கைக் கொடுங்கள்.

● பாட்டு எழுத்தைப் பிடித்துப் பாடும் ஆட்டத்தைத் தமிழ் வீடுகளில் ஒரு தலைமுறைக்கே பழக்கிவிட்டவர் பி.எச். அப்துல் ஹமீது. "பாட்டுக்குப் பாட்டு" முதலில் இலங்கை வானொலியில், பிறகு தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில். மணி அடிப்பதற்குள் பாட வேண்டும் என்ற அந்த நெருக்கடி இருக்கிறதே, தெரிந்த பாட்டெல்லாம் மறந்துபோகும்! பொருளும் செலவும் இல்லாமல், கார் பயணத்தில்கூட ஆடக்கூடியது இது ஒன்றுதான்.

● தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டியைப் பார்க்க யாழ்ப்பாணமே திரளும். கப்பல், பறவை, விலங்கு என்று கன பரிமாணத்தோடு கட்டிய பட்டங்கள் மேலே ஏறும். பட்டத்தின் தலையில் வில்போல வளைத்துக் கட்டும் நாருக்கு "விண்" என்று பெயர். காற்றில் அது அதிர்ந்து எழுப்பும் ரீங்காரம் தூரத்துக்கும் கேட்கும்.

● "பிசினஸ்", "டிரேட்" என்ற பெயர்களில் இந்திய நகரங்களை வாங்கி விற்றோமே, அதற்கு மூலம் மோனோபோலி. அதற்கும் மூலம், அமெரிக்காவின் லிசி மேகி என்ற பெண் 1904-இல் காப்புரிமை பெற்ற ஒரு பலகை. நிலத்தைச் சிலரே வளைத்துக்கொண்டால் மற்றவர்கள் எப்படி நொடிந்துபோவார்கள் என்று புரியவைக்கத்தான் அவர் அதைச் செய்தார். 1935-இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் வெளியிட்டபோது பெயரும் பணமும் சார்லஸ் டாரோ என்பவருக்குப் போயின. மேகியின் பங்கு பல பத்தாண்டுகள் கழித்தே வெளியே தெரிந்தது. இந்த அநியாயத்தைப் பலகையை விரிக்கும்போதெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

ஆட்டம் மணிக்கணக்கில் இழுக்கிறதா? மோனோபோலியின் அச்சிட்ட விதிப்படி, வந்து நின்றவர் வாங்காத இடத்தை உடனே ஏலம் விட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இதைச் செய்வதே இல்லை. செய்து பாருங்கள், சீக்கிரம் முடியும், சுவையும் கூடும்.

● யூனோ பிறந்ததே வீட்டுச் சண்டையில்தான். ஒஹையோ மாநிலத்தின் ரெடிங் ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த மெர்ல் ராபின்ஸுக்கும் மகனுக்கும் ஒரு சீட்டாட்டத்தின் விதி பற்றி வாக்குவாதம். சமாதானமாக 1971-இல் புது ஆட்டமே ஒன்றை உண்டாக்கினார் ராபின்ஸ். குடும்பத்தினர் சேர்ந்து 8,000 டாலர் திரட்டி 5,000 கட்டு அச்சடித்தார்கள். முதலில் விற்றது அவருடைய கடையிலேயே, முடி வெட்டிக்கொள்ள வந்தவர்களிடம்.

விதிச் சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை. ஒருவர் +2 போட்டால் அடுத்தவர் அதன்மேல் இன்னொரு +2-ஓ +4-ஓ போட்டுத் தப்பிக்கலாம் என்றுதான் பல வீடுகளில் ஆடுகிறோம். அப்படிச் செய்யக் கூடாது, வாங்கியவர் சீட்டை எடுத்துக்கொண்டு தன் முறையையும் இழக்க வேண்டும் என்று யூனோ தரப்பே 2019-இல் சமூக ஊடகத்தில் சொல்லிவிட்டது. கேட்டவர்களில் ஏராளமானோர், எங்கள் வீட்டில் எங்கள் விதிதான் என்று அங்கேயே பதில் எழுதினார்கள். உங்கள் வீட்டு விதி எது என்பதை முதல் சீட்டைப் போடுவதற்கு முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் வாக்குவாதம் நீளும்.